ஹெலிகாப்டர் பெல்ட்டும் உப்புத் தொட்டியும்

இன்று தோல் பதனிடும் எங்கள் ஆம்பூர் டேனரிக்கு பம்பாயிலிருந்து ஒருவர் வந்தார். நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் ஆட்களை ஏற்றிப்போகும் ஹெலிகாப்டருக்குத் தோலில் சீட் பெல்ட் வேண்டுமாம்.

மாதிரி பெல்ட்டை இரண்டு பேர் இழுத்தும் அறுந்துபோகவில்லை. அவருக்குத் திருப்தி.

மேஸ்திரி காதர் பாய்க்கு இல்லை. "காஞ்ச தோல் இப்டிதான் சார் நிக்கும். கடல்ல விழுந்தா இன்னா பண்றது?" என்று, தோல் ஊறும் உப்புத் தொட்டியில் அதைப் போட்டார்.

சாயங்காலம் எடுத்து இழுத்தோம். தையலோரம் கிழிந்துவிட்டது.

"டபுள் தையல் போட்டு மறுபடி ஊறப்போடலாம்," என்றார் பாய்.

பாலாற்று மணலில் வீடு திரும்புகையில், என் மனசுக்குள் முகம் தெரியாத ஒருவர் கடல் நீலத்துக்கு மேலே எங்கள் பெல்ட்டைப் பூட்டிக்கொண்டு பறந்துகொண்டே இருந்தார்.

எங்களில் ஒருவரும் கடலைப் பார்த்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள், எங்கள் தொட்டியைவிடவா அது உப்பு?