என் திரையில் மட்டும் சிவப்பு

வானம் இருட்டினால் எனக்குப் பயம் வந்துவிடும். இடிக்கும் மின்னலுக்கும் அல்ல, ஓர் இணையப் பக்கத்துக்கு. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் செங்கலடியில் இருக்கிறேன். என் தங்கை கிரான் பக்கம் வாழ்க்கைப்பட்டு, ஆற்றுக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். நாள்தோறும் அவள் ஸ்கூட்டியில் கடப்பது ஒரு தாம்போதி. ஆற்றின் குறுக்கே தாழ்வாகப் போட்ட கொங்கிரீட் பாதை அது. மாரியில் மேலே குளத்தின் வான்கதவைத் திறந்தார்களென்றால் வெள்ளம் அதன் மேலாகப் பாயும். அக்கரை வயல்வெளியான வட்டையில் நிலம் உள்ளவர்களுக்கும் அதுதான் வழி. "இண்டைக்குப் போகலாமா?" என்று ஆளாளுக்குத் தொலைபேசியில் கேட்டு அலுத்துப்போய்த்தான் அங்குள்ள விவசாயிகள் சங்கம் என்னிடம் ஓர் இணையத்தளம் செய்து கேட்டது. முதற்பக்கத்தில் ஒரு பெட்டி. பச்சை என்றால் போகலாம், சிவப்பு என்றால் வீட்டில் இரு.

உலகமெங்கும் பலர் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிற திறந்த மூல மென்பொருளில்தான் அதைக் கட்டினேன். அதைச் சொன்னதும் சங்கத் தலைவருக்கு முகம் மாறிவிட்டது.

"சும்மா கிடைக்கிற சாமானெண்டா ஆரும் உள்ளுக்க பூந்து எழுதலாந்தானே புள்ள? சிவப்பைப் பச்சை ஆக்கினா ஆள் செத்துப்போகும்."

"ஒரே மாதிரிப் பூட்டு ஊரெல்லாம் விக்கிறாங்க ஐயா. அதுக்காக எங்கட வீட்டுத் திறப்பு எல்லாரிட்டயும் இருக்கா?" என்றேன்.

பூட்டு எப்படிச் செய்யப்பட்டது என்று உலகத்துக்கே தெரிந்தால் அதன் ஓட்டையும் சீக்கிரம் பிடிபட்டுத் திருத்தப்படும் என்று தொண்டைத்தண்ணீர் வற்ற விளக்கினேன். எடுபடவில்லை. மென்பொருள் புதிய பதிப்பைப் போடச் சொல்லும் போதெல்லாம், கை வைத்தால் எல்லாம் அழிந்துவிடும் என்று தடுத்தார்கள். புதிதாக்குவதுதான் காவல் என்றால் நம்ப மாட்டார்கள். அதற்குப் பதிலாக, காவலுக்கு ஒன்று, வேகத்துக்கு ஒன்று என்று யார் யாரோ சிபாரிசு செய்த செருகுநிரல்கள் என்கிற துணை மென்பொருள்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்ற வைத்தார்கள். அதோடு இன்னொரு கட்டளை. நிறத்தை மாற்றியதும் என் திரையைப் படம் பிடித்துச் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் நான் போட வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்து எல்லோரும் பெருவிரலை உயர்த்துவார்கள். பக்கத்தைத் திறந்து பார்க்கிற வழக்கம் அவர்களில் ஒருவருக்கும் இல்லை. குழுவில் இல்லாத என் தங்கை போன்றவர்களுக்குத்தான் அந்தப் பக்கம்.

மாரியில் ஒருநாள் காலை தலைவர் தொலைபேசி எடுத்தார். "வான்கதவு துறந்திட்டாங்க புள்ள. தண்ணி ஏறுது. உடன மாத்து." மாற்றினேன். என் திரையில் பெட்டி நல்ல சிவப்பு. படத்தைக் குழுவில் போட்டேன். பெருவிரல்கள் வந்தன. நிம்மதியாகத் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கை எடுத்தாள். பின்னால் ஒரே இரைச்சல்.

"அக்கா, தாம்போதியடியில நிக்கிறன். இண்டைக்குப் பிள்ளைகளுக்குச் சோதினை."

"விசராடி உனக்கு? பாதை மூடிக் கிடக்கு!"

"இல்லையே அக்கா. உங்கட பக்கத்தில பச்சைதானே கிடக்கு? பாத்திட்டுத்தான் வெளிக்கிட்டன்."

"திரும்புடி!" என்று கத்தினேன். அதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. அவள் காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது. திரும்பத் திரும்ப எடுத்தேன். போகவில்லை.

என் திரையைப் பார்த்தேன், சிவப்பு. கணவரின் தொலைபேசியைப் பறித்து அதே பக்கத்தைத் திறந்தேன். பச்சை. அச்சொட்டாக நேற்றைய பச்சை. முதலில் தலைவர் சொன்னதுதான் நினைவுக்கு வந்தது. எவனோ உள்ளே புகுந்து விட்டான் என்றே நம்பினேன். அவருக்கு அவ்வளவு விளக்கம் சொன்ன நானேதான்.

யாரும் புகவில்லை. வேகத்துக்கென்று ஏற்றிய செருகுநிரல் நேற்றைய பக்கத்தின் பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, வருகிற எல்லோருக்கும் அதையே நீட்டிக்கொண்டிருந்தது. கடவுச்சொல் போட்டு உள்ளே இருந்த எனக்கு மட்டும் புதியதைக் காட்டியது. வெளியாள் வந்து பொய் எழுதிவிடுவான் என்று பயந்து பயந்து கதவை அடைத்தோம். எங்கள் உண்மை வெளியே போகவில்லை.

உடனே அந்தப் பிரதியை அழித்தேன். கணவரின் கையில் சிவப்பு வந்தது. வந்து என்ன? அவள் அதைப் பார்த்துக்கொண்டா நிற்பாள்? கணவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். நான் வாசலில் மழைக்குள் நின்றேன். எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று கூட நினைவில்லை. பச்சை என்று எழுதியது என் கை என்பது மட்டும் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தபோது எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தேன். அவள்தான். பாதி வழியில் ஸ்கூட்டி நின்று, வெள்ளம் இழுக்க, பாதையோரத்து வெள்ளைக் கட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அக்கரையிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த உழவு இயந்திரக்காரர் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். ஸ்கூட்டியை ஆறு கொண்டுபோய்விட்டது.

கணவரோடு அவள் வந்து இறங்கியபோது, முடியிலிருந்து சேற்றுத்தண்ணீர் வடிந்தது. கட்டிப்பிடிக்க வேண்டியவள் நான் பேயாகக் கத்தினேன்.

"கண்ணில்லையாடி உனக்கு? அவ்வளவு தண்ணி போறது தெரியல்லையா?"

அவளுக்குப் பல் கிட்டியடித்தது. என்னை வினோதமாகப் பார்த்தாள்.

"தெரிஞ்சதுதான் அக்கா. கட்டையெல்லாம் பாதிக்கு மூடிக் கிடந்த. ஆனா நீங்க பச்சை போட்டிருக்கக்குள்ள நான் என்ட கண்ணையா நம்புற?"