தம்பி பிஸி

சனிக்கிழமை யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் செல்வன் அண்ணையைக் கண்டேன். வல்வெட்டித்துறையில் எங்கள் அடுத்த வீடு. அப்பாவோடு கடலுக்குப் போகிறவர்.

"கொப்பற்றை போட் ரெண்டு கிழமையாய்க் கரையிலை கிடக்குது, தெரியுமே?" என்றார். "பெயின்ற் அடிச்சு எல்லாம் முடிஞ்சுது. பேர் மட்டும் இல்லை. உன்ரை கையாலைதான் எழுதவேணுமாம்."

பேர் எழுதாமல் அப்பா படகை இறக்கமாட்டார். எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போய்ப் படித்தவன் நான். அதனால் அந்த எழுத்து எனக்காகக் காத்திருக்கிறது. அதற்காக இரண்டு வீட்டுத் தொழிலும் நின்றுபோய்...

பிறகு ஏன் என்னிடம் சொல்லவில்லை?

சொல்லத்தான் அப்பா போன் எடுத்திருக்கிறார். இரண்டு கிழமைக்கு முன், நான் அலுவலகத்தில் இருந்தபோது. "அப்பா, பிஸி. நானே எடுக்கிறன்" என்று வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எடுக்கவும் இல்லை.

'பிஸி' வசதியான சொல். 'வேலை இருக்கு' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள் - என்ன வேலை என்று கேட்பார்கள். பிஸி என்றால் யாராவது கேட்கிறார்களா? நாங்களும் கூசாமல் சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அப்பா கரையில் படகு நிழலில் இருந்தார். திரும்ப ஒருக்கால் எடுத்திருக்கலாமே என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"நீ பிஸி எண்டெல்லோ சொன்னனீ" என்றார். "வலை இழுக்கிறவனை இடையிலை கூப்பிடுறேல்லை, தம்பி. கை ஒழிஞ்சால் அவனே கூப்பிடுவான்."

குத்திக் காட்டவில்லை. அப்படியே நம்பியிருக்கிறார்! நான் பிளேன்ரீயோடு சொன்ன சொல்லை, கை நிறைய வலையோடு நிற்கிற ஒருவனின் சொல்லாக எடுத்து, இரண்டு கிழமை மரியாதை கொடுத்திருக்கிறார்.

தூரிகையை வாங்கினேன். அம்மாவின் பெயர்தான் - இராசமலர். 'ரா'வின் காலை இழுத்துக்கொண்டிருக்கும்போது, படகின் முன்பக்கம், அணியத்தில் வைத்திருந்த என் போன் அடித்தது. எட்டிப் பார்த்தேன். மனேஜர். என் இரண்டு கையிலும் நீலப் பெயின்ற்.

அப்பா போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"தம்பி இப்ப பிஸி. கை ஒழிஞ்ச உடனை அவரே எடுப்பார்."

இந்த முறை அது பொய்யில்லை.