பாறைக்காட்டில் நிற்கும் பஸ்

அங்கம்மாளுக்கு வாய் நீளம் என்று ராசிபுரத்தில் சொல்லாதவர்கள் இல்லை. நீளம்தான். அந்த வாய் மட்டும் இல்லாதிருந்தால் அவள் புருஷன் கந்தவேல் யுத்த காலத்தைத் தாண்டியிருக்க மாட்டார்.

கந்தவேல் பட்டு நெய்கிறவர், இழுப்பு நோய்க்காரர். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதும், சேலம் பஸ்ஸின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு கரி அடுப்பைக் கட்டிவிட்டார்கள். அடுப்பிலிருந்து வரும் வாயுவில் வண்டி ஓடும். ஓடும்போது தொல்லை அதிகமில்லை; பற்றவைக்கும்போதுதான் வினை. காலையில் கிளீனர் அடுப்பை மூட்ட அதன் விசிறியைச் சுற்றச் சுற்ற, பஸ் நிற்கும் நெசவுத் தெரு முழுக்கப் புகை மண்டும். கந்தவேல் தறியை விட்டெழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிப்பார்.

அங்கம்மாள் பஞ்சாயத்து போர்டு தலைவர் சின்னுசாமியிடம் போனாள்.

“ஊரே யுத்தத்துல கஷ்டப்படுது. கொஞ்சம் பொறுத்துக்க அம்மணி.”

“எம் புருசன் மூச்சு நின்னாத்தான் யுத்தம் செயிக்குமுங்களா?”

தலைவர் நல்ல மனுஷர்தான். ஆனால் யார் முகமும் கோணக்கூடாது அவருக்கு. யோசித்து ஓர் உத்தரவு போட்டார்: ஆள் நடமாட்டம் தொடங்குமுன், விடியற்காலையிலேயே பற்றவைத்துவிட வேண்டும். அடடா, என்ன மூளை! கண்ணில் படாத புகை மூக்கிலும் ஏறாது என்று நினைத்தார் போலும். தூங்குகிற வீடுகளுக்குள் புகை நுழைந்தது. சில நாளிலேயே கந்தவேல் பாயில் கண் செருகிக் கிடந்தார். அங்கம்மாள் அவரைக் கொல்லைக்கு இழுத்துப் போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்து, மூச்சுத் திரும்பும்வரை நெஞ்சைத் தேய்த்தாள். திரும்பியது. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கரி பஸ் தானாகக் கிளம்பாது. சேலத்துக்குச் சேலை கொண்டுபோகிற தெருக்காரர்களே இறங்கித் தள்ளினால்தான் உறுமும். அன்று அவர்கள் கை வைக்கும் நேரத்தில் அங்கம்மாள் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

“ஒருத்தரும் தள்ளாதீங்க. உங்க ஊட்டுக்குள்ளயும் இதே பொகதான் வருது.”

“சேலை போயாகணுமேக்கா,” என்றான் பக்கத்து வீட்டு வீரன்.

“எஞ்சேலையுந்தான் பஸ்ஸு மேல கெடக்குது. கெடக்கட்டும்.”

வீரன் கையை எடுத்தான். மற்றவர்களும் எடுத்தார்கள். டிரைவர் திட்டினார், பிறகு கெஞ்சினார். பஸ் நகரவில்லை. சேதி கேட்டுத் தலைவர் மேல்துண்டு நழுவ ஓடிவந்தார்.

“சரி, வண்டிய ஏரிக்கரைல நிறுத்தச் சொல்றேன். அங்க வெறும் குடிசைங்கதான?”

தெருவே தலையாட்டியது. அங்கம்மாள் ஆட்டவில்லை.

“குடிசைல இருக்கறவங்களுக்கு நெஞ்சு இல்லீங்களா? ஊருக்கு வெளிய, சேலம் ரோட்டுல பாறைக்காடு சும்மாதான கெடக்குது. அங்க நிறுத்துங்க.”

“அத்தன தூரம் ஆரு நடப்பா?” என்றார் தலைவர்.

“நா நடக்கறனுங்க.”

மறுநாள் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். அவளைத் திட்டிக்கொண்டே தெருவும் நடந்தது. பாறைக்காட்டில் கிளம்பிய புகை கள்ளிகளைத் தாண்டிப் போயிற்று. பஸ்ஸைத் தள்ள முதலில் தோள் கொடுத்தவள் அங்கம்மாள்தான். அப்புறம் போர்டு அதையே தீர்மானமாக்கி, ஏதோ தன் யோசனை போலத் தண்டோரா போட்டது.

கொஞ்ச நாள் கழித்துத் தலைவருக்குச் சேலத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். முந்தின நாளே டிரைவரிடம் சொல்லி வண்டியைத் தெருவில் நிறுத்தச் செய்துவிட்டார். காலையில் கிளீனர் விசிறியில் கை வைத்தபோது அங்கம்மாள் அடுப்பின் முன்னால் நின்றாள்.

“இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் அம்மணி. முழங்கால் வலி.”

“முழங்கால் வலிச்சா நின்னு நின்னு நடக்கலாமுங்க. மூச்ச அப்படி நிறுத்தி நிறுத்தி உட முடியாது. பையக் குடுங்க, நா தூக்கிட்டு வாரேன்.”

பதிலுக்குக் காத்திராமல் பையை வாங்கிக்கொண்டு சேலம் ரோட்டில் இறங்கினாள். வீட்டுக்குள் கந்தவேலின் தறி ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் பஸ்ஸைப் பார்த்தார், தறிச் சத்தம் வந்த ஜன்னலைப் பார்த்தார், அடுப்பைப் பற்றவைக்காமலே வண்டியைப் பாறைக்காட்டுக்குத் தள்ளிவரச் சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார்.