நன்னடத்தைச் சான்றும் பதின்மூன்று பெண்களும்

சட்டம் படித்து முடித்தவள் கறுப்புக் கோட்டுப் போடுவதற்கு முன்னால், தான் ஒழுங்கானவள் என்று காகிதத்தில் நிரூபிக்க வேண்டும். இரண்டு வழக்கறிஞர்களிடம் நன்னடத்தைச் சான்று, நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம், அதற்குப் பிறகு காவல் நிலைய விசாரணை. முதல் இரண்டும் எனக்கு ஒரே வாரத்தில் கிடைத்தன. 'இவரை நேரில் அறிவேன், நற்குணமும் நன்னடத்தையும் உடையவர்' என்று அச்சடித்த தாளில் என் சீனியர் டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். 'உங்கள் மீது குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா' என்ற கேள்விக்கு நேராக நான் 'இல்லை' என்று எழுதினேன். எழுதும்போது அது பொய் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் லோடு ஏற்றுகிறவர். அம்மா களையெடுக்கக் காட்டு வேலைக்குப் போகிறவள். இருவரும் கைநாட்டு. ஊரில் எந்த வீட்டுக்கு எந்தத் தபால் வந்தாலும் என்னிடம்தான் வரும். ஆறாம் வகுப்பிலிருந்து எல்லாருக்கும் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பெருமை எனக்கு நிறைய உண்டு. அதை மறைக்கப் போவதில்லை, ஏனென்றால் எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. போனேன். கணினிக்கு முன் உட்கார்ந்திருந்த ரைட்டர் என் ஆதார் அட்டையைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உம் மேல கேஸ் இருக்குதே."

"எம் மேலயாங்க? இருக்காதுங்க சார்."

"தண்ணி வரலன்னு ரோட்ல குந்துனீங்களே, பென்னாகரம் ரோட்ல. பஸ்சு கண்ணாடி ஒடஞ்சுது. பதிமூணு பேரு. மொத பேரு உன்னுது." அவர் சிரித்தார். "பேரு, அப்பன் பேரு, கதவு நம்பரு, படிப்பு, பின்கோடு மொதக்கொண்டு குடுத்திருக்கற. இத்தினி வருச சர்வீசுல அக்யூஸ்டே அழகா எழுதிக் குடுத்த லிஸ்ட்ட இப்பத்தான் பாக்கறன்."

அப்போது நான் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். குழாயில் பத்தொன்பது நாள் தண்ணீர் வரவில்லை. ஃபுளோரைடு கலந்த போர்வெல் தண்ணீரைக் குடித்தால் பல் காவியேறும், முட்டி மடங்காது. எங்கள் தெருப் பெண்கள் காலிக் குடங்களைத் தார்ச்சாலையில் வரிசையாக வைத்து உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்தேன். ஒரு டவுன் பஸ்ஸின் முன் கண்ணாடியில் எங்கிருந்தோ ஒரு கல் வந்து விழுந்தது. யார் எறிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. போலீஸ்காரர்கள் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். தக்காளி சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். சாயந்திரம் விட்டுவிட்டார்கள். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தோம்.

மண்டபத்தில் ஒரு ஏட்டு பெயர் கேட்டுக்கொண்டு வந்தார். எங்கள் ஊரில் வாழ வந்த பெண்ணை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எந்த ஊரிலிருந்து வந்தாளோ அந்த ஊர்தான் அவள் பெயர். மாரண்டஹள்ளிக்காரி, பாப்பாரப்பட்டிக்காரி, ஏரியூர்க்காரி. அவர்களும் அப்படியேதான் சொன்னார்கள். புருஷன் பெயரைக் கேட்டபோது ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சொல்லக் கூடாது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்துக் காட்ட, அவளோ "எனக்கு அவரு கொழுந்தனாரு மொறைங்க, நானும் சொல்லக் கூடாது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ஏட்டு சலித்துப்போய், "எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன்.

"எங்க வக்கீலு எழுதும்" என்றார் மாரண்டஹள்ளி அத்தை.

கோடு போட்டு, எண் போட்டு எழுதினேன். முதலில் என் பெயர், இனிஷியலோடு. படிப்பு என்ற கட்டம் தாளில் இல்லை. நானே ஒரு கட்டம் போட்டு 'சட்டம், இரண்டாம் ஆண்டு' என்று எழுதினேன். மற்ற பன்னிரண்டு பேருக்கும் அவர்கள் சொன்ன ஊர்ப்பெயரை எழுதி, கணவர் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டேன். ஆறாவது எண்ணில் 'இண்டூர்க்காரி' என்று எழுதினேன். அது என் அம்மா.

அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு காவல் நிலையத்தால் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை, என்னைத் தவிர. நான் கல்லூரி விடுதியில் இருந்ததால் என்னையும் யாரும் தேடி வரவில்லை. வழக்கு அப்படியே கிடந்தது. அரசுச் சொத்தைச் சேதப்படுத்திய பிரிவும் அதில் சேர்ந்திருந்ததால் காலாவதியும் ஆகவில்லை.

சீனியரிடம் ஓடினேன். "ஹைகோர்ட்ல ரத்து பண்ணச் சொல்லிப் போடலாம்மா. நல்ல கேசு, ஆயிடும். ஆனா ஆறு மாசமும் ஆகும், ஒரு வருசமும் ஆகும். அதுவரைக்கும் பார் கவுன்சில்ல உன்ன வக்கீலாப் பதிவு பண்ண மாட்டாங்க" என்றார்.

அந்த வழி இருந்தது. அதற்கான பிரிவை நான் தேர்வில் எழுதியிருக்கிறேன். இதை இங்கே எழுதி வைக்க வேண்டும். வேறு வழியில்லாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

என்னோடு படித்தவர்கள் எல்லாரும் கோட்டுக்கு அளவு கொடுத்துவிட்டார்கள். அப்பா மண்டி முழுக்கச் சொல்லியிருந்தார். ஊர் நுழையும் இடத்தில் வைக்க என் படம் போட்ட ஃபிளக்ஸுக்குச் சொல்லி வைத்திருந்தார். ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து, "ஏன் கண்ணு, இன்னும் கோட்டு போடல?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். என்னால் முடியாது என்று தோன்றியது.

மறுபடியும் காவல் நிலையத்துக்குப் போனேன். எஸ்.ஐ. ஒரு பெண். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர் இருப்பார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். மிரட்டவில்லை.

"உனக்குப் பதிவு ஆகணும், எனக்குப் பழைய கேசு முடியணும். நீ மறியல்ல குந்தல, ஓரமா நின்னு பாத்தன்னு ஸ்டேட்மெண்ட் குடு. உன் பேர எடுத்துட்டு சாட்சியாப் போட்டுடறன். ஆனா இதுல இருக்கறவங்கல்லாம் யாருன்னு சொல்லணும். மாரண்டஹள்ளிக்காரின்னு நான் எங்கம்மா போய்த் தேடுவன்?"

"அவங்க யாரும் கல்லு எறியலைங்க மேடம்."

"எறிஞ்சாங்கன்னு சொல்லச் சொல்லல. இருந்தாங்கன்னு மட்டும் சொல்லு. கோர்ட்ல வந்து அவங்களே சொல்லிக்கட்டும். வுட்டுடுவாங்க."

விட்டுவிடுவார்கள் என்ற அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். ரேஷன் அட்டையில் உள்ள பெயர், கணவர் பெயர், கதவு எண். எல்லார் வீட்டு மனுவையும் எழுதிய கை என்னுடையது. பார்க்காமலே சொன்னேன். ரைட்டர் தட்டச்சு செய்துகொண்டே வந்தார்.

"ஆறாவது, இண்டூர்க்காரி?"

"தெரியலைங்க சார். இண்டூர்லருந்து வாக்கப்பட்டு வந்தவங்க எங்கூர்ல நெறயா பேருங்க."

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'அடையாளம் தெரியவில்லை' என்று அடித்தார். நான் படித்துப் பார்த்தேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தச் சொன்னேன்.

பதினைந்து நாளில் என் மீது வழக்கு ஏதும் நிலுவையில் இல்லை என்று அறிக்கை போனது. சென்னையில் ஒரு பெரிய கூடத்தில் நூற்றுக்கணக்கானவர்களோடு நின்று உறுதிமொழி எடுத்தேன். அம்மா புதுப்புடவையில் வந்திருந்தாள். என் கழுத்துப் பட்டையைத் தொட்டுப் பார்த்து, "வெறச்சுக்கிட்டு நிக்குதே, குத்தலயா?" என்று கேட்டாள்.

சம்மன் வர மூன்று மாதம் ஆனது. வந்த அன்று மத்தியானம் பதினொரு பெண்களும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பயத்தோடு வரவில்லை. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தார்கள். மாரண்டஹள்ளி அத்தை எல்லாருடைய காகிதங்களையும் சேர்த்து என் மடியில் போட்டார்.

"இந்தா கண்ணு, மொத கேசு நாங்களே கொண்டாந்துட்டம். கோர்ட்ல நீ பேசறத நாங்க பாக்கணும்."

"நல்லாக் கத்திப் பேசு, பின்னால நிக்கற எங்களுக்குக் கேக்கட்டும்" என்றார் ஏரியூர் அக்கா.

அந்த வழக்கில் அவர்களுக்காக என்னால் ஆஜராக முடியாது. நான் அரசுத் தரப்பு மூன்றாம் சாட்சி. இதை எப்படிச் சொல்வது என்று நான் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள்.

"எல்லாத்துக்கும் வந்திருக்குதா? எனக்கு வரலயே. நானுந்தான அன்னிக்கு குந்தியிருந்தன்?"

அம்மா என் மடியில் கிடந்த காகிதங்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"என் பேரு எங்க?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொல்ல வந்தது. கேட்டு முடித்ததும் ஏரியூர் அக்கா தன் காகிதத்தைத் திருப்பிக் கேட்டுக் கையை நீட்டினார். மற்றவர்களும் நீட்டினார்கள். எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாததால், நான்தான் ஒவ்வொன்றாகப் படித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

அவர்களுக்கு இலவச சட்ட உதவியில் ஒரு வழக்கறிஞர் கிடைத்தார். என்னோடு படித்தவள்தான். வாய்தாவுக்கு வாய்தா பதினொரு பேரும் காட்டு வேலையை விட்டுவிட்டு ஷேர் ஆட்டோவில் தருமபுரிக்கு வந்தார்கள். அவர்களோடு அம்மாவும் வந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. நீதிமன்ற வேப்பமரத்தடியில் அவர்களோடு உட்கார்ந்திருப்பாள். அதே வளாகத்தில் நான் கோட்டுப் போட்டுக்கொண்டு வேறு வழக்குகளுக்கு ஓடிக்கொண்டிருப்பேன். முதல் சில வாய்தாக்களில் கிட்டப் போனேன். பேச்சு நின்றுவிடும். பிறகு சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போகப் பழகினேன்.

நான் சாட்சி சொல்ல வேண்டிய நாளுக்கு முந்தைய மாலை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "நாளைக்கு என்னப் பத்தி கேட்டா, இருந்தன்னு சொல்லிடு. அவங்க நிக்கற எடத்துல நானும் நின்னுக்கறன்."

"அப்படிச் சொன்னா, ஸ்டேஷன்ல நான் குடுத்தது பொய்னு ஆயிடும்மா. என் பதிவே போயிடும்."

"போவட்டுமே."

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. படிக்காதவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். என் வாழ்நாளில் முதல் முறையாக அப்படி நினைத்தேன்.

கூண்டில் ஏறினேன். கோட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுப் போயிருந்தேன். அரசு வழக்கறிஞர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். இவர்களைத் தெரியுமா, தெரியும். அன்று சாலையில் இருந்தார்களா, இருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக அடையாளம் காட்டப்பட்டார்கள். அவரவர் பெயர் சொல்லப்பட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சிலருக்குப் பக்கத்து வீட்டுக்காரியின் பெயரே அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

பிறகு என் வகுப்புத் தோழி குறுக்கு விசாரணைக்கு எழுந்தாள்.

"ஆறாவது எண்ணில் உள்ள பெண் யார்?"

"தெரியாது."

"உங்கள் தாயார் பிறந்த ஊர் எது?"

"இண்டூர்."

"சம்பவ நாளில் உங்கள் தாயார் அந்த இடத்தில் இருந்தாரா?"

நீதிபதி தலையைத் தூக்கினார். கதவோரம் அம்மா நின்றுகொண்டிருந்தாள். என்னை அவள் பார்த்த பார்வையில் கெஞ்சல் இல்லை. சொல்லிவிடுவேன் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள்.

"ஞாபகம் இல்லை" என்றேன்.

நீதிபதி தட்டச்சரிடம் சொன்னார்: "உங்கள் தாயார் அங்கிருந்தாரா என்று கேட்டால், ஞாபகம் இல்லை." தட்டச்சர் அடித்தார். என் தோழி என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு, "வேறு கேள்விகள் இல்லை" என்று உட்கார்ந்தாள். வாக்குமூலத்தில் என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். நேர்த்தியாகப் போட்டேன்.

வெளியே வந்து கோட்டைப் போட்டுக்கொள்ளும்போது மாரண்டஹள்ளி அத்தை எதிரில் வந்தார். விலகிப் போவார் என்று நினைத்தேன். நின்றார். என் காலரை இழுத்துச் சரிசெய்தார்.

"பெத்தவள எப்பிடிடா காட்டிக் குடுக்கறதுன்னு பாத்திருப்ப. நாயந்தான் கண்ணு. எனக்கும் ஒரு பொண்ணு இருந்திருந்தா அப்பிடித்தான் செஞ்சிருக்கும்" என்றார். அப்புறம் சிரித்தார். "எங்க வூட்டுக் கதவு நம்பரு மட்டும் எப்பிடி மறக்காம இருந்துச்சு?"

கேட்டுவிட்டு கேட்டை நோக்கி நடந்துவிட்டார்.

ஷேர் ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. பெண்கள் நெருக்கியடித்து ஏறினார்கள். அம்மாவுக்கும் இடம் ஒதுக்கினார்கள். "என்னோட பஸ்ல வாம்மா" என்று கூப்பிட்டேன். கேட்காதது போல ஏறி உட்கார்ந்தாள். வண்டி கிளம்பும் சத்தத்தில், பக்கத்திலிருந்த மாரண்டஹள்ளி அத்தையிடம் அவள் கேட்டது எனக்குக் கேட்டது.

"அடுத்த வாய்தா என்னிக்குன்னு சொன்னாங்க?"