படப்பெட்டியில் இல்லாத காட்சி

யாராவது பேய்க்கதையை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். என் பிழைப்பும் அப்படி. சேலத்தில் ஒரு சினிமா விநியோகக் கம்பெனியில் ரெப்ரசென்டேடிவ் வேலை. படப்பெட்டியைப் பஸ் மேல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய், டூரிங் கொட்டகைகளில் ஓட்டிக் காட்டி, படம் விட்டு வரும் ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று வாசலில் நின்று கேட்டு முதலாளியிடம் சொல்ல வேண்டும். சினிமாவில் பேயை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தவனுக்கு எந்தப் பேயிடம் பயம் வரும், சொல்லுங்கள். நீங்கள் இப்போதே சிரிக்கிறீர்கள். பரவாயில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன்.

எழுபதுகளின் ஆரம்பம் அது. நான் கொண்டு போனது ஒரு கொலைப்படம். எடுத்தவர் கையில் காசே இல்லை என்பது முதல் ரீலிலேயே தெரிந்துவிடும். கொலைகாரனுக்குக் குரங்குக் குல்லா, கறுப்புக் கம்பளி. கத்தி அட்டையில் செய்து வெள்ளித்தாள் ஒட்டியது. செத்துக் கிடப்பவர் மூக்கில் ஈ உட்கார்ந்தால் கையால் ஓட்டுவார். சாகிற பெண்கள் எல்லாரும் ஒரே புடவையில் சாவார்கள். பென்னாகரத்தில் படம் விட்டு வந்த ஒருவர், "கத்தி வாழ எலையாட்டம் தொவளுது, இதுக்குப் போயி அந்தப் பொண்ணு இந்தக் கத்து கத்துது" என்றார். எல்லா ஊரிலும் அதே கதைதான், அழ வேண்டிய இடத்தில் சிரிப்பு.

பாப்பாரப்பட்டிக்குப் பெட்டி வந்தது ஆடிப்பெருக்கு அன்று. ஒகேனக்கல் போய்த் திரும்பும் கூட்டத்துக்காக மத்தியானக் காட்சி, கொட்டகையைச் சுற்றித் தார்ப்பாய் கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். பட்டப்பகல், அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். வாசலில் கடலை விற்கிற ஆரோக்கியம் அக்கா எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சிக்குக் கூடையோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்துவிடுவார். அவர் போகாது என்று சொன்ன படம் அந்த வட்டாரத்தில் போனதே இல்லை. போகும்போதே என்னைப் பார்த்து, "இதாச்சும் பயமா இருக்குமாங்க தம்பி?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன்.

எனக்கு அந்தப் படத்தை இன்னொரு தடவை பார்க்கத் தெம்பில்லை. திரைக்குப் பின்னால், மண்சுவர் வைத்துத் தகரம் வேய்ந்த ஒரு அறை இருந்தது. பழைய போஸ்டர், பசை வாளி, கிழிந்த கோணிகள் கிடக்கும். கோணிகளை விரித்துப் படுத்தேன், தூங்கிப்போனேன். டிக்கெட் இல்லாத பையன்கள் அந்த அறையில் ஒளிந்திருந்து பிறகு கொட்டகைக்குள் நுழைந்துவிடுவார்கள் என்று, படம் போட்டதும் கேட்கீப்பர் மாதையன் அதை வெளியே தாழ் போட்டுவிடுவது வழக்கமாம். நான் உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது, அந்த வழக்கம் எனக்குத் தெரியாது.

விழித்தபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்கு இழுப்பு நோய், தூசி பட்டால் போதும். மாத்திரை வெளியே என் பையில். ஜன்னல் கிடையாது, தகரம் அனலாய்க் கொதிக்கிறது. தட்டுத் தடுமாறிக் கதவைக் கண்டுபிடித்துத் தள்ளினேன், நகரவில்லை. ஓங்கி ஓங்கித் தட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்பீக்கர், அதில் கதாநாயகி அலறுகிறாள், என் கத்தல் யாருக்குக் கேட்கும்? செத்துவிடுவேன் என்றே நினைத்தேன், உண்மையாகவே நினைத்தேன்.

அப்போது ஸ்பீக்கர் ஓய்ந்தது. வெளியே கரண்ட் எஞ்சின் ஓடும் சத்தம் மட்டும். ரீல் அறுந்துவிட்டது போல, இதுதான் சமயம் என்று, "கதவத் தொறங்க!" என்று கத்தித் தட்டினேன். கூட்டத்திலிருந்து விசில் பறந்தது.

"நல்லா தட்டுறான்டா!"

கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்தேன். கை ஓய்ந்து நிறுத்தினேன்.

"ஏன்டா நிறுத்திட்டான்?"

"மூச்சு வாங்குது பாரு அவனுக்கு. நெஞ்சப் புடிச்சிக்கிறான்."

நான் நெஞ்சைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கும்மிருட்டில். என் கையே எனக்குத் தெரியவில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது. கதவிலேயே நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் சிரிப்பெல்லாம் அடங்கியது. ஒரு குழந்தை வீரிட்டு அழுதது.

"அய்யோ, அந்தக் கோணியில என்னமோ எந்திரிக்குது."

நான் படுத்திருந்த கோணி. காது கொடுத்துக் கேட்டேன், சரசரவென்று எனக்கும் கேட்டது. யாராக இருந்தாலும் திரும்பத்தானே தோன்றும், கழுத்தைத் திருப்பப் போனேன்.

"திரும்பாத!" என்று கொட்டகை மொத்தமும் கத்தியது. ஆரோக்கியம் அக்காவின் குரல் தனியாகக் கேட்டது. "திரும்பாதப்பா, சாமி, திரும்பாத!"

திரும்பவில்லை. நம்பினால் நம்புங்கள், எனக்கு இழுப்பு அப்போதே நின்றுவிட்டது. மூச்சு லேசாக வந்தது. ஆனால் அறைக்குள் இழுப்புச் சத்தம் நிற்கவில்லை. என் பிடரிக்குப் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஸ்பீக்கரில் பாட்டு வந்தது, ஜனங்கள் பழையபடி சிரித்தார்கள், நான் மட்டும் அப்படியே நின்றேன்.

படம் முடிந்துதான் மாதையன் கதவைத் திறந்தார். "அய்யய்யோ, உள்ளயாங்க இருந்தீங்க!" என்று பதறினார். அவரைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்கு ஓடினேன், அப்போதும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆபரேட்டரைக் கேட்டால், பெட்டியில் இருந்ததைத்தான் ஓட்டினேன், ரீல் எங்கும் அறுந்துபோகவில்லை என்கிறார். மறுநாள் கடத்தூரில் முதல் வரிசையில் உட்கார்ந்து படம் முழுக்கப் பார்த்தேன். அறையும் இல்லை, கோணியும் இல்லை. ஜனங்கள் திட்டிக்கொண்டே எழுந்து போனார்கள்.

பாப்பாரப்பட்டி வாசலில் அன்று நடந்ததைச் சொல்லாமல் விட்டேனே. நான் வெயிலில் நின்றபோது ஆரோக்கியம் அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"படம் குப்பைங்க தம்பி. ஆனா அந்த ரூம்பு சீனு இருக்குதே, அதுக்கே காசு குடுக்கலாம். கட்டம் போட்ட சட்ட போட்டிருந்தான் பாருங்க, ஒங்களாட்டமே. மொகந்தான் இருட்டுல தெரியல. முடிவுதான் சரியில்லீங்க."

"என்ன முடிவு அக்கா?"

"கடைசியா அந்த ரூம்ப மறுபடி காட்டுறாங்க, கதவு தொறக்குது, அவன் வெளிய ஓடியாறான். அதுவும் அவன் முதுக ஒட்டியே வெளிய வருது. அப்பறம் என்னாச்சுன்னு காட்டவே இல்லீங்களே?"

அன்றோடு எனக்கு இழுப்பு விட்டது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட வந்ததில்லை, டாக்டரே ஆச்சரியப்பட்டார். கல்யாணமாகி வந்த புதிதில் என் மனைவிதான் ஒரு ராத்திரி என்னை உலுக்கினாள். "என்னங்க, ஒங்களுக்கு இப்பிடி இழுக்குதே, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள். இன்றைக்கும் சில ராத்திரி கேட்கிறாள். நான் சும்மா கண்ணை மூடிக்கொண்டு, முழுசாய் விழித்துத்தான் படுத்திருப்பேன்.