வெங்காய மூட்டையோடு வந்தவரின் பேரன்

நீராவி அண்ணன் தன் தங்கை மகளைத் தானே குடியேற்றத் துறையிடம் பிடித்துக் கொடுத்துவிட்டாராம். முடிவெட்டும் கடையில் பேசிக்கொண்டார்கள் என்று என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். கடைக்காரருக்கு யார் சொன்னது என்று அவருக்குத் தெரியாது. தாத்தாவின் படத்தை அருங்காட்சியகத்தில் பெரிதாக மாட்டுகிறோம் என்றார்களாம், இவர் பதிலுக்குப் பெண்ணைக் காட்டிக் கொடுத்தாராம். எப்படித்தான் நாக்குக் கூசாமல் பேசுகிறார்களோ. அன்று அந்த விழா மண்டபத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். காறித் துப்புகிறவர்கள் சரியான இடம் பார்த்துத் துப்பட்டும்.

அண்ணன் இந்த நாட்டிலேயே பிறந்தவர். பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் மேற்பார்வையாளர். இஸ்திரி இயந்திரத்தின் ஆவியிலேயே காலம் போனதால் அந்தப் பெயர். ரத்தமும் சீழும் மலமும் பட்ட விரிப்புகள் தள்ளுவண்டியில் வந்து குவியும். அவர் மூக்கைச் சுளித்து யாரும் பார்த்ததில்லை. புதிதாகச் சேர்ந்தவன் வாந்தி எடுத்தால், "முடிஞ்சிதா? உன் சட்டையையும் கழட்டி இதுலயே போட்டுடு" என்பார்.

அவர் வீட்டு மாடியில்தான் எனக்குக் குடித்தனம். எனக்கு இருப்பது வருடா வருடம் புதுப்பிக்கிற அனுமதி. யாராவது கதவைத் தட்டினால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். "தபால்காரன் வந்தாலே உனக்குக் காய்ச்சல் வந்துடும்போல தம்பி" என்று கேலி செய்வார். அவருக்கு அந்தப் பயமே கிடையாது. அதுதான் வினையாகப் போயிற்று.

அவருடைய தாத்தா சரக்குக் கப்பலில் சமையற்கட்டு ஆளாக வந்தவர். இந்தத் துறைமுகத்தில் வெங்காயம் இறக்கியபோது, தானும் ஒரு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சுமையாட்களோடு வாசலைத் தாண்டியிருக்கிறார். அவ்வளவுதான், திரும்பவில்லை. கையில் ஒரு காகிதம் கிடையாது. பிற்பாடு எப்படியோ ஒட்டிக்கொண்டு மூத்த மகனை வரவழைத்தார். அவர்தான் அண்ணனின் அப்பா. இளையவர் ஊரிலேயே நின்றுவிட்டார். அந்த இளையவரின் மகள் அண்ணனுக்குத் தங்கை முறை. அவள் பெற்ற பெண்தான் இவள். சுற்றிப் பார்க்க வந்தவள், விசாத் தவணை முடிந்தும் போகாமல், மாமா வீட்டுப் பின்னறையில் தையல் மெஷின் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தாள்.

நகர அருங்காட்சியகத்தில் இந்த நாட்டைக் கட்டியவர்களுக்கு ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதன் இயக்குநர் அம்மாள் வீட்டுக்கே வந்து தாத்தாவின் படத்தைக் கேட்டார். வாயெல்லாம் பல். வெங்காயக் கதையைக் கேட்டதும் முகம் சுருங்கிவிட்டது. கப்பலிலிருந்து கடலில் குதித்தார் என்று வைத்துக்கொள்ளலாமா என்றார். மூட்டை கண்ணாடிப் பேழைக்குள் எடுபடாதாம். ஒரு நாடகக் குழுவிடம் தகரப்பெட்டி வாங்கி, தேயிலைச் சாயம் பூசிப் பழசாக்கி, தாத்தாவின் பெட்டி என்று வைத்தார்கள். அந்தப் பெட்டியைத் தொடக்கூட எனக்கு மனமில்லை. அண்ணனோ, பெண்ணுக்கு ஒரு வழி பிறக்காதா என்று பொறுத்துக்கொண்டார். போகும்போது அந்த அம்மாள், "உங்க குடும்பம்தான் சார் இந்த நாடு. எதுன்னாலும் என்னைக் கூப்பிடுங்க" என்று தன் சொந்த எண்ணைக் கொடுத்திருந்தார். அதை அவர் அப்படியே நம்பினார்.

திறப்பு விழாவில் குச்சியில் குத்திய பாலாடைக்கட்டி, வாசனை மெழுகுவத்தி. கை கொடுத்த கையோடு அண்ணன் கண்ணெதிரிலேயே கிருமிநாசினி தடவிக்கொண்டார் ஒரு கனவான். முன்வரிசையில் குடியேற்றத் துறைக்காரர்கள். அண்ணனைப் பேசச் சொன்னார்கள். தாத்தாவைப் பற்றி நன்றாகவே பேசினார். கடைசியில், "அவரு சட்டத்தைப் பாத்து வரல, வயித்தைப் பாத்து வந்தாரு. அவரோட கொள்ளுப்பேத்தி இப்ப எங்க வீட்டுல இருக்கா. அவளும் அப்படி வந்தவதான். அவளையும் நீங்க வச்சுக்கணும்" என்றார்.

கைதட்டினார்கள். முன்வரிசையும் தட்டியது. இயக்குநர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இதைவிட அருவருப்பான சத்தத்தை நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை வந்துவிட்டார்கள். அவள் பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "தரையில ஊசி கெடக்கு மாமா, மிதிச்சிடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தடுப்பு விடுதியில் வைத்தார்கள். அண்ணன் உடனே அந்த எண்ணுக்குப் பேசினார். ஐயோ பாவம், அது வேறு துறை, விசாரித்துவிட்டு நானே கூப்பிடுகிறேன் என்றார் அம்மாள். கூப்பிடவில்லை. கூப்பிட்டது அவருடைய உதவியாளர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகிறார்களாம், அதே பேச்சைத் திரும்பப் பேச வேண்டுமாம். "ரொம்ப உருக்கமா இருந்துச்சு சார். அந்தக் கடைசி வரி மட்டும் வேணாம்" என்றாராம்.

அண்ணன் போனை வைத்துவிட்டுக் குழாயடிக்குப் போனார். முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகூட அவர் அப்படிக் கழுவி நான் பார்த்ததில்லை.

இன்று மாலை விமானத்தில் அவளை அனுப்புகிறார்கள். மதியம் வேலையைப் போட்டுவிட்டு அருங்காட்சியகத்துக்குப் புறப்பட்டார். என்னையும் வரச் சொன்னார். சீருடைக்காரர்களைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன் நான். ஆனாலும் போனேன். வாசல் காவலர் உள்ளே விடவில்லை, இயக்குநரைப் பார்க்க முன்கூட்டியே நேரம் வாங்கியிருக்க வேண்டுமாம். சுவரில் மூன்று மாடி உயரத்துக்குத் தாத்தாவின் முகம். அதன் கீழே, துணிந்து குதித்தவர் என்று கொட்டை எழுத்து.

"ஒண்ணே ஒண்ணுதான் தம்பி சொல்லப்போறேன். அந்தப் பிள்ளையை இங்க இருக்க விட்டா இவரும் இருப்பாரு. இல்லேன்னா இப்பவே படத்தை இறக்கிக் குடுத்துடணும். சாக்குல சுருட்டித் தோள்ல போட்டுட்டுப் போயிடுறேன்."

அம்மாள் கொடுத்த எண்ணை அழுத்தி, எனக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியில் போட்டார். முதல் மாடி ஜன்னலில் அந்த அம்மாள் கோப்பையோடு நிற்பது தெரிந்தது. கையிலிருந்த போனை ஒருதரம் பார்த்தார். குனிந்து எங்களையும் பார்த்தார். பிறகு திரை விழுந்தது.

போனில் மணி அடித்துக்கொண்டிருக்கிறது.