பாக்கியலெட்சுமியின் நெற்றிப் பரு

வாகைமலைத் தேயிலைத் தோட்டத்தில் பாக்கியலெட்சுமிக்குச் 'சீச்சீ' என்று பட்டப்பெயர். தண்ணீர் கொட்டும் பீலியில் குடம் பிடிக்கும்போது பக்கத்தில் யாராவது வாய் கொப்பளித்துத் துப்பினால் போதும், நிறைந்த குடத்தைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடிப்பாள். வெற்றிலை எச்சில் தெறிக்கப் பேசுகிறவர்களிடமிருந்து ஓரடி தள்ளியே நிற்பாள். அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஒழுகும் மூக்கைப் பார்த்துவிட்டால் அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்காது. இலங்கை மலையகத்தில் ஹாலிஎலைக்கு மேலே, வரிசையாக ஒட்டிக் கட்டிய இருபது காம்பரா வீடுகளுக்கு ஒரே பீலி என்று இருந்த லயத்தில் இந்தக் குணத்தோடு குடித்தனம் நடத்துவது பெரும்பாடு.

அப்படிப்பட்டவளுக்குத்தான் 1957இல், இருபத்து மூன்று வயதில், நெற்றி முழுக்கப் பரு வந்தது.

பெரிய பிள்ளையான காலத்தில் ஒன்றிரண்டு வந்து போனது உண்டு. இது வேறு. ஒரு காதோரத்திலிருந்து மறு காதோரம் வரை, தலைமுடி தொடங்குகிற இடத்தை ஒட்டி, சிவப்பும் மஞ்சளுமாகத் திரண்டு நின்றது. குனிந்து கொழுந்து பறிக்கையில் ஒன்று தானாக உடைந்து புருவத்தில் வழியும். புறங்கையால் துடைப்பாள். துடைத்த கையைப் பார்த்ததும் குமட்டும். ஊரார் அழுக்கைக் கண்டால் தள்ளி நிற்கலாம். தன் நெற்றியை விட்டு எங்கே தள்ளி நிற்பது?

அந்த ஆனி மாதத்தில்தான் பிள்ளைமடுவத்து ஆயா புரட்டாசியோடு வேலையை விட்டு நிற்கப் போவதாகச் செய்தி வந்தது. வேலைக்குப் போகிற தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடம் அது. பாக்கியலெட்சுமியின் பத்து மாத மகளும் அங்கேதான் தொட்டிலில் கிடந்தாள். பகலில் இரண்டு தடவை மலையிலிருந்து ஓடி வந்து பால் கொடுத்துவிட்டு ஓட வேண்டும். அந்த ஆயா வேலை கிடைத்தால் நாள் முழுக்க மகளோடு இருக்கலாம். அவள் வேறு எதற்கும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

ஆயாவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு மருந்துக்காம்பரா டாக்டர் குமாரசிங்கத்துடையது. யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி அவள் நெற்றியைப் பார்த்தார்.

"நீ துப்புரவான பிள்ளை எண்டு எனக்குத் தெரியும். ஆனா உந்த நெத்தியோட பச்சைப் பிள்ளையளைத் தூக்கேலாது. சீழெல்லே வடியுது?"

"இது நல்லாயிருங்களா ஐயா?"

"முகத்தைக் கழுவு. நோண்டாதை. புரட்டாதி பிறக்க வா, பாப்பம். அதுக்குள்ள மாறாட்டி வேற ஆளைத்தான் போடுவன்."

இரண்டு மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது.

முகத்தைக் கழுவு என்றாரே தவிர எப்படி என்று சொல்லவில்லை. துணி துவைக்கிற சவுக்காரத்தையும் தேங்காய் நாரையும் எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள். சட்டி தேய்ப்பது மாதிரித் தேய்த்தாள். காலையில், மத்தியானத்தில், மாலையில். நான்காம் நாள் நெற்றித் தோல் உரிந்து, வேர்வை பட்டால் நெருப்பாக எரிந்தது. பரு ஒன்றுகூடக் குறையவில்லை. உடைந்தவை மட்டும் புண்ணாகிப் பொருக்குத் தட்டின.

பக்கத்துக் காம்பரா அங்கம்மாவுக்கு இதில் அளவில்லாத உற்சாகம். பிறர் முகத்துப் பருவைப் பிதுக்குவது அவளுக்குப் பேன் பார்ப்பதைவிடப் பிடித்த பொழுதுபோக்கு.

"வாடி இங்க. நல்லாப் பழுத்துக் கெடக்கு. ஒரு அமுக்கு அமுக்குனா ஆணியோட வந்துரும்."

"வேணாங்கா. கைய எடுங்க."

"அட, பெரிய தொரசாணி! இந்தக் கையாலதான உன் பிள்ளைக்கு மருத்துவம் பாத்தேன்?"

சொல்லி முடிப்பதற்குள் பிதுக்கிவிட்டாள். தெறித்தது அங்கம்மாவின் கன்னத்தில் பட்டது. அவள் அதை முந்தானையால் துடைத்துவிட்டு, "பாத்தியா, எவ்வளவு!" என்று மகிழ்ந்தாள். பாக்கியலெட்சுமி வாசலுக்கு ஓடி ஓங்கரித்தாள். பிதுக்கிய இடம் மறுநாள் சுண்டைக்காய் அளவுக்கு வீங்கியது.

அடுத்து வைத்தியம். வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பை அங்கம்மா தொட்டு வைத்தாள். வெந்துபோயிற்று. ஆட்டுப் புழுக்கையை அரைத்துக்கொண்டு வந்தபோது பாக்கியலெட்சுமி கதவைச் சாத்திக்கொண்டாள். ஒரு நாள் விடியற்காலை, கண் விழிக்கும்போதே நெற்றியில் ஈரமாக என்னவோ பட்டது. குனிந்து நின்ற அங்கம்மா தன் உள்ளங்கையில் மறுபடி துப்பிக்கொண்டிருந்தாள்.

"பல்லு வெளக்காத எச்சிடி. பருவுக்கு இதப் போல ஒண்ணும் கெடையாது. அசையாத!"

அன்று வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பீலியடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எத்தனை குடம் ஊற்றியும் அந்த ஈரம் போகவில்லை போலிருந்தது. கணவன் மாரிசாமிதான் வந்து கூட்டிப் போனான். "எச்சிதானடி, திராவகமா?" என்று கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் குடத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

ஆடியில் கச்சான் காற்று வறட்டி எடுத்தது. கொழுந்து கருகிவிட்டது. பெண்களைக் கூடை இல்லாமல் புல்லு வெட்ட அனுப்பினார்கள். பதினெட்டு நாள் புல்லு வெட்டு. அலுத்துப்போன பாக்கியலெட்சுமி நாரையும் விட்டுவிட்டாள், சுண்ணாம்பையும் விட்டுவிட்டாள். பச்சைத் தண்ணீரில் முகம் அலம்புவதோடு சரி. இரண்டாவது வாரக் கடைசியில் கண்ணாடித் துண்டில் பார்த்தபோது நெற்றி அடங்கியிருந்தது. புதிதாக ஒன்றும் இல்லை. காய்ந்த பொருக்குகள் மட்டும்.

பிறகு ஒரு மழை விழுந்தது. மறுபடி கூடை. நான்காம் நாளே நெற்றி பொங்கிவிட்டது.

அன்று மலையடியில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவள் வரிசையில் நின்றாள். முன்னும் பின்னுமாக ஐம்பது பெண்கள். தராசுக்கு முன்னால் ஒவ்வொருத்தியும் முதுகில் தொங்கும் கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து கழற்றும்போது நெற்றி தெரியும். பாக்கியலெட்சுமி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். எல்லாருக்கும் பரு இல்லை. அங்கம்மாவைப் போல நாற்பதைத் தாண்டியவர்களின் நெற்றி வழவழவென்று இருந்தது. ஆனால் நான்கு இளம்பெண்களுக்கு அவளுக்கு இருப்பது போலவே பட்டையாக இருந்தது. கன்னத்தில் இல்லை, மோவாயில் இல்லை. கயிறு அழுத்துகிற இடத்தில் மட்டும்.

கயிறு தலையை அறுக்காமலிருக்க அடியில் ஒரு துணி மடித்து வைப்பார்கள். அவளுடையது மஞ்சள் துணி. பன்னிரண்டு வயதில் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்த முதல் நாள், தாயின் பழைய சேலையில் கிழித்துக் கொடுத்தது. அன்றைக்கே அவள் எல்லாரையும்விட அதிக றாத்தல் பறித்தாள். அதனால் அது ராசித் துணி ஆயிற்று. ராசித் துணியைத் தண்ணீரில் போட்டால் கைவேகம் போய்விடும் என்பது தோட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த சங்கதி. பதினோரு வருடமாக அவள் அதைத் துவைக்கவில்லை. பீலியில் துப்பினால் குடத்தைக் கவிழ்க்கிறவளுக்கு அது அழுக்கு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

காம்பராவுக்கு வந்ததும் துணியை வெளிச்சத்தில் பிரித்தாள். மஞ்சளை எங்கும் காணோம். மடிப்புகளில் கறுப்பு மெழுகு போல ஏதோ படிந்திருந்தது. தினமும் காலையில் தலையில் வழிய வழிய வைக்கிற தேங்காய் எண்ணெய், வேர்வை, தேயிலைத் தூசி, பதினோரு வருடம். நகத்தால் சுரண்டினாள், நகக்கண்ணில் பிசினாக ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோனாள். சிக்குப் பிடித்த எண்ணெயும் செத்த எலியும் கலந்த வீச்சம். இதையா நெற்றியில் கட்டி அழுத்திக்கொண்டு திரிந்தோம்? மேலே நாரைப் போட்டுத் தேய்த்துவிட்டு, மறுபடி இதையேவா வைத்தோம்?

மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துத் துணியைப் போட்டாள். தண்ணீர் சாக்கடை நிறத்தில் திரைந்தது.

அங்கம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி! ராசியக் கொதிக்க வைக்கிறாளே! நாளைக்கு எத்தன றாத்தல் எடுக்கிறேன்னு பாப்போம்."

மறுநாள் உண்மையாகவே குறைந்தது. கையை நினைத்துக்கொண்டே பறித்தால் கை எப்படி ஓடும்? கங்காணி, "என்ன சீச்சீ, ராசி தண்ணியில போயிருச்சா?" என்று வரிசையே கேட்கக் கத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். பத்து நாளைக்கு அந்தச் சிரிப்பு ஓயவில்லை. பின்னால் கை பழையபடி ஓடியது, ஆனால் முதலிடம் அவளுக்குத் திரும்பவே இல்லை. அதை வேறொருத்தி பிடித்துக்கொண்டாள்.

இப்போது இரண்டு துணி வைத்திருந்தாள். ஒன்று தலையில், ஒன்று கொடியில். தலை முழுகும் நாளுக்கு முதல் நாள் மட்டும் எண்ணெய் வைத்து, முடியை நெற்றியில் விழாமல் இழுத்துக் கட்டினாள். காலையும் மாலையும் கொஞ்சம் சவுக்காரம் தொட்டு விரல் நுனியால் மெதுவாகக் கழுவி, ஒற்றி எடுத்தாள். தேய்க்கவில்லை. அங்கம்மா பக்கத்தில் வந்தால் இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டாள்.

சட்டென்று ஒன்றும் மாறிவிடவில்லை. மூன்று வாரம் வரை அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்துகொண்டுதான் இருந்தது. பிறகு வருவது குறைந்தது. வந்ததும் சீழ் வைக்காமல் அமுங்கியது.

புரட்டாசி முதல் நாள் மருந்துக்காம்பராவுக்குப் போனாள். அவளுக்கு முன்னால் தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கும் கவ்வாத்துக்காரன் ஒருவன், கத்தி பட்டுச் சீழ் பிடித்த முழங்காலைக் காட்டிக்கொண்டிருந்தான். குமாரசிங்கம் அழுத்திப் பிதுக்கிப் பஞ்சால் துடைத்துக் கட்டுப் போட்டார். கட்டி முடித்த அதே கையோடு அவள் பக்கம் திரும்பினார்.

"எங்க, நெத்தியைக் காட்டு."

விரல்கள் நெற்றியை நோக்கி வந்தன. நகத்தோரம் மஞ்சளாக மின்னிற்று. வேலை, மகள், இரண்டு மாதப் பாடு எல்லாம் அந்த விரலுக்கு அப்பால் நின்றன. பேசாமல் காட்டியிருக்கலாம். அவள் ஓரடி பின்னால் போனாள்.

"கையக் கழுவிட்டுத் தொடுங்கய்யா."

கவ்வாத்துக்காரன் வாயைப் பிளந்தான். குமாரசிங்கம் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்தது. மூலையில் இருந்த கை கழுவும் பீங்கானுக்குப் போய்ச் சவுக்காரம் போட்டு நெடுநேரம் கழுவினார். வந்து நெற்றியைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு மூண்டு தழும்பு நிண்டிடும். அது போகாது."

"நிக்கட்டுங்கய்யா. சீழ் இல்லைங்கள்ல?"

"இல்லை." கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை மலைக்குப் போகாதை. நேர மடுவத்துக்கு வா."

அவள் அப்போதே மடுவத்துக்குப் போனாள். மகள் தரையில் விரித்த சாக்கில் உட்கார்ந்து, பக்கத்தில் தூங்கும் பிள்ளை ஒன்றின் கால் பெருவிரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் காலின் விரலிடுக்கில் கோழிப் பீ. பாக்கியலெட்சுமி கண்ணை இறுக மூடித் திறந்தாள். தூங்குகிற பிள்ளை விழித்துவிடாமல் அந்தக் காலை மெல்ல விடுவித்துவிட்டு, தண்ணீர் வாளி எங்கே இருக்கிறதென்று தேடினாள்.